உள்ளூர்க்காரர்களுக்கு அறை இல்லை

அணைக்கரை,
கோபிசெட்டிபாளையம் வழி.
ஐப்பசி 10, திங்கட்கிழமை.

அன்பு மகள் கயல்விழிக்கு அப்பா எழுதுவது.

நான் நலம். நீயும் மாப்பிள்ளையும் யஷ்வந்தும் நலமாக இருக்க வேண்டும். போன் இருக்கும்போது இதென்ன கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ சாப்பிட்டீர்களா, மாத்திரை போட்டீர்களா என்று கேட்டதும் வைத்துவிடுகிறாய். கடிதத்தைப் பாதியில் கட் பண்ண முடியாது பார், அதனால்தான்.

இங்கே நல்ல மழை. அணைத் தண்ணீர் மூன்றாம் நம்பர் காட்டேஜின் கீழ்ப்படி வரைக்கும் வந்து நிற்கிறது. என் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது.

பேரூராட்சி விடுமுறைப் பூங்காவைப் புதிதாகக் கட்டப் போகிறார்கள். நாலு காட்டேஜும் தை பிறந்ததும் இடிபடும். இந்தத் தடவை பொதுமக்களைக் கேட்டுத்தான் செய்வோம் என்று வீடு வீடாக ஒரு படிவம் கொடுத்தார்கள். எழுதத் தெரியாதவர்களுக்கெல்லாம் கேர்டேக்கர் என்ற முறையில் நானே எழுதிக் கொடுத்தேன். பாதிப் பேர் படகு கேட்டார்கள், மீதிப் பேர் நீச்சல் குளம் கேட்டார்கள். எதிரே இத்தனை தண்ணீர் இருக்கும்போது எதற்கு நீச்சல் குளம் என்று கேட்க எனக்கு அதிகாரம் இல்லை. டீக்கடை நரசிம்மலு மூன்று படிவம் வாங்கி, மூன்று விதமான கையெழுத்தில், பூங்காவுக்குள் கேன்டீன் வரவே கூடாது என்று எழுதிக் கொடுத்தார். என் படிவத்தை மட்டும் நான் வெறுமையாக வைத்திருந்தேன்.

போன வியாழக்கிழமை பூங்காவிலேயே சாமியானா போட்டுக் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. புதுச் செயல் அலுவலர் யாஸ்மின் மேடம் வந்திருந்தார்கள். உன் வயதுதான் இருக்கும். எல்லோரும் பேசி முடித்த பிறகு மாசாணம் எழுந்தாள். உன் அம்மாவுக்குப் பிறகு காட்டேஜ் கூட்டிப் பெருக்க வந்தவள். "புதுசாக் கட்டறதுலயாவது உள்ளூர்க்காரங்களுக்கு ரூம் குடுப்பீங்களாங்க?" என்று கேட்டாள். சிலர் சிரித்தார்கள். ஊரில் வீட்டை வைத்துக்கொண்டு எதற்கு ரூம் என்றார்கள்.

மேடம் சிரிக்கவில்லை. உள்ளூர்க்காரர்களுக்கு அறை இல்லை என்பது எந்தத் தீர்மானத்தில் இருக்கிறது என்று என்னைக் கேட்டார்கள். வாசலில் போர்டே இருக்கிறது, நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இருக்கிறது, இருபத்தெட்டு வருஷமாக அதை ஒரு நாளும் மீறியதில்லை என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். அவர்கள் ஆபீசுக்கு ஆள் அனுப்பிப் பழைய தீர்மானப் புத்தகங்களைக் கொண்டுவரச் சொன்னார்கள். கிளார்க் சாப்பாட்டு நேரம் வரைக்கும் புரட்டினார். அப்படி ஒரு தீர்மானமே இல்லை கண்ணு. எனக்கு முன்னால் இருந்தவர் யாரோ சொன்னதைக் கேட்டு எழுதி மாட்டிய போர்டு அது. நான் அதைச் சட்டம் என்று கட்டிக்கொண்டு அழுதிருக்கிறேன்.

அம்மாவுக்கு இரண்டாவது கீமோ முடிந்து நீ பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு வந்த அந்தச் சாயங்காலம்தான் கண்முன்னே வந்தது. பத்தொன்பது வருஷம் அவள் கூட்டிப் பெருக்கிய அறை. அந்தத் தண்ணீரைப் பார்த்தபடி ஒரே ஒரு நாள் படுத்துத் தூங்க வேண்டும் என்பதைத் தவிர அவள் என்னிடம் ஒன்றும் கேட்டதில்லை. நீ உன் பெயரில் ஆன்லைனில் புக் பண்ணியிருந்தாய். நான் அவளுடைய ஆதாரைக் கேட்டு வாங்கி, முகவரியைப் படித்து, அறை இல்லை என்றேன். என் பெண்டாட்டியிடம் ஆதார் கேட்டேன். நீ கத்தினாய். அவள்தான் "உடு கண்ணு, அப்பனுக்குச் சங்கடம். ஊட்டுக்கே போலாம்" என்று உன் கையைப் பிடித்து ஆட்டோவில் ஏற்றினாள். மூன்றாம் நம்பர் அன்றைக்குக் காலியாகத்தான் கிடந்தது. நாலு மாதத்தில் அவள் போய்விட்டாள். காரியத்துக்கு வந்து போன நீயும் மூன்று வருஷமாக இந்தப் பக்கம் வரவில்லை.

விதி தெரியாமல் தப்புச் செய்தேன் என்று எழுதினால் நீ மன்னித்துவிடலாம். ஆனால் அது பொய். கூட்டத்தில் எல்லோரும் இருக்க நான் எழுந்து சொன்னதையே உனக்கும் சொல்கிறேன். "போர்டுல உள்ளூர்க்காரங்கன்னு இருந்தாலும் அந்தத் தடை எங்க சனத்துக்கு மட்டுந்தானுங்க. தோப்பு வெச்சிருக்கறவங்க ஊட்டுப் பசங்க நாலு ரூம்லயும் வந்து தங்கியிருக்கறாங்க. நான்தான் சுடுதண்ணி வெச்சுக் குடுத்தேன். தெரிஞ்சேதானுங்க செஞ்சேன்."

காட்டுக் கூலிக்காரன் மகனுக்குக் கிடைத்த பேரூராட்சி வேலை. பெண்டாட்டிக்கு அறை கொடுத்தான் என்று யாராவது மேலே எழுதிப் போட்டால் போய்விடுமே என்று பயந்தேன். அந்தப் பயத்தைத்தான் நேர்மை என்று உன்னிடமும் சொன்னேன். அவளிடமும் சொன்னேன். அவள் நம்பினாளா என்று தெரியவில்லை. நம்பாமல் போயிருந்தால் தேவலை என்று இப்போது நினைக்கிறேன்.

எந்த ஊர்க்காரர் கேட்டாலும் அறை உண்டு என்று புதிதாகத் தீர்மானம் எழுதப் போகிறார்கள். போர்டைக் கழற்ற ஆள் வருவதாகச் சொன்னார்கள். வேண்டாம் என்று நானே ஸ்டூல் போட்டு ஏறிக் கழற்றினேன். மாசாணம் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள். ஆணி துருப்பிடித்து வர மறுத்தது. என் படிவத்தையும் அன்றைக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். புது அறைகள் எப்படி வேண்டுமானாலும் இருக்கட்டும், ஜன்னல் மட்டும் படுத்தால் தண்ணீர் தெரிகிற உயரத்தில் இருக்க வேண்டும் என்று எழுதினேன்.

மார்கழிக் கடைசி வரைக்கும் பழைய காட்டேஜ்கள் திறந்திருக்கும். பள்ளி லீவில் யஷ்வந்தைக் கூட்டிக்கொண்டு வா. மூன்றாம் நம்பரை யாருக்கும் கொடுக்காமல் வைக்கவில்லை, அப்படி வைக்க எனக்கு அதிகாரம் இல்லை. நீ முறையாகவே புக் பண்ணு. என்னிடம் பேச வேண்டாம், என் வீட்டுக்கு வர வேண்டாம், அதுவும் உன் இஷ்டம். அம்மா ஆசைப்பட்டபடி ஒரு நாள் நீ அங்கே படுத்துத் தூங்கினால் போதும்.

வரும்போது பதிவேட்டில் கையெழுத்துப் போடச் சொல்வேன். 'எந்த ஊர்' என்ற கட்டத்தில் புனே என்று எழுதாதே, கண்ணு. நம் ஊர்ப் பெயரை எழுது. நான் படித்துப் பார்த்துவிட்டுச் சாவியைத் தருகிறேன்.

நீங்கள் மூவரும் நோய் நொடி இல்லாமல் நீடூழி வாழ வேண்டும்.

உன் அப்பா,
கருப்புசாமி.