கறுப்பு ஃபிரேமில் ஒரு கோடு

ஜன. 6, செவ்வாய்
காலையில் பனி. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து ஓட்டினேன். மாமல்லபுரம் போய்த் திரும்பும்போது, மிதிக்கும் போதெல்லாம் சைக்கிளில் 'நறுக்' என்று ஒரு சத்தம். பூஞ்சேரி அருகே நிறுத்திப் பார்த்தால், கார்பன் ஃபிரேமில் பெடலுக்குச் சற்று மேலே முடி போல ஒரு கோடு. நகத்தால் தடவினேன். சிக்கியது.

போன மாதம் கோவளத்தில் மணலில் சறுக்கி விழுந்தது. அதுவாகத்தான் இருக்கும். அன்று பெயிண்ட் கூடப் போகவில்லை என்று சந்தோஷப்பட்டேன்.

மாநில சைக்கிள் அணிக்கான தேர்வுப் போட்டி 18ஆம் தேதி. அம்மாவுக்கு மாத்திரை வாங்க மறந்துவிட்டேன்.

ஜன. 7, புதன்
ஆபீசுக்கு அரை நாள் லீவு. படூர் சைக்கிள் கடை. அந்தோணி அண்ணன் நாணயத்தால் ஃபிரேம் முழுக்கத் தட்டினார். 'டிக், டிக்.' கோட்டுக்குப் பக்கத்தில் மட்டும் 'தொப்'. மறுபடி தட்டவில்லை.

"கோடு பெயிண்ட்ல இல்லம்மா. உள்ளார நாரு பிரிஞ்சிகினு கீது."

"ஒட்ட முடியாதாண்ணா?"

"வேற எடமா இருந்தா ஒட்டிக் குடுப்பேன். இது பெடல் அச்சு உக்கார்ற எடம். இரும்புன்னா வளையும். இது சொல்லாம ரெண்டாப் பூடும். ஏறாத."

நான்கு வருடம் காத்திருந்து வாங்கியது. எனக்கு முப்பத்தைந்து. அடுத்த வருடம் என்று ஒன்று கிடையாது.
பஸ்ஸில் ஜன்னல் பக்கம். அழுதேன்.

ஜன. 9, வெள்ளி
கல்பனா வந்தாள். என்னோடு ஓட்டுபவள், ஒன்பது வயது சின்னவள். அவளுக்கும் அதே போட்டி, பழைய இரும்பு சைக்கிள்.

"நீ ஓட்டலன்னா எனக்குக் குடுக்கா. நான் வெயிட் கம்மி. ஒரு நாளு தாங்காதா?"

"ஒடைஞ்சா மூஞ்சி பூடும்டி."

"என் மூஞ்சி. உனக்கு இன்னா?"

முடியாது என்றேன். செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "உனக்குக் கெடைக்காதது எனக்கும் கெடைக்கக் கூடாது. அதானே?"

கதவைச் சாத்தினேன். கொஞ்சம் அப்படித்தானோ?

ஜன. 10, சனி
ஆபீசிலிருந்து வந்ததும் அம்மா: "கல்பனா வந்துச்சி. சைக்கிள நீ குடுக்கச் சொன்னியாமே? நாளிக்கி எடுத்துக்கினு போறேன்னுச்சி."

நான் இல்லாத நேரம் பார்த்து எப்படியும் எடுத்துப் போய்விடுவாள்.

ஜன. 11, ஞாயிறு
பக்கத்து வீட்டு பிளம்பரிடம் ரம்பம் வாங்கினேன். சக்கரம், ஹேண்டில், செயின் எல்லாம் கழற்றினேன். மூக்கில் துணி. தூள் பறக்காமல் இருக்கத் தண்ணீர் ஊற்றி ஊற்றி ஃபிரேமை அறுத்தேன். ஐந்து நிமிடம் கூட ஆகவில்லை. வாசலெல்லாம் கறுப்புத் தண்ணீர்.

பத்து மணிக்குக் கல்பனா. கையில் ஹெல்மெட். இரண்டு துண்டையும் பார்த்தாள்.

"பைத்தியமாக்கா நீ?"

"சக்கரம் நல்லாத்தான் கீது. எடுத்துக்கோ."

"நீயே வெச்சிக்கோ." போய்விட்டாள். கூப்பிட்டேன், திரும்பவில்லை.

உள்ளங்கையில் கார்பன் சிலாம்பு ஏறியிருக்கிறது. ஊசியால் குத்திப் பார்த்தேன். வரவில்லை.