தொண்ணூற்று மூன்றிலிருந்து நோவு

கல்முனைக்குடி
1998 ஜூலை

அன்பு மகன் ஜிப்ரிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் ரஹ்மத்தால் இங்கே எல்லோரும் இருக்கிறோம், அந்தக் கட்டார் வெயிலில் உனக்கும் ஒரு குறையும் வராமல் இருக்கத் தொழுகைக்குத் தொழுகை துஆக் கேட்கிறோம். போன கிழமை நீ டெலிபோனில் கேட்டபோது உம்மா சுகம் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். கொமினிகேஷன் கடையில் பின்னால் நாலு பேர் காதைக் கொடுத்துக்கொண்டு நிற்கும்போது வீட்டு விஷயத்தை எப்படிக் கதைப்பது. சுகம் என்றது முழுப் பொய்யும் இல்லை, எழும்பி நடக்கிறாள், சமைக்கிறாள், உன் தங்கச்சி ஸுல்பிகாவோடு வாய்ச் சண்டையும் பிடிக்கிறாள். ஆனால் கிணற்றடியிலிருந்து ஒரு வாளி தண்ணீர் கொண்டு வருவதற்குள் மூச்சு வாங்கிக் குந்திவிடுகிறாள். இதயத்துக்குப் போகிற குழாயில் அடைப்பு இருக்கிறது, இந்த வருஷத்துக்குள் ஒப்பரேஷன் செய்யத்தான் வேண்டும் என்று கொழும்பு டொக்டர் சொல்லிவிட்டார். அது ஏன் இன்னும் நடக்கவில்லை என்பதைத்தான் இந்தக் கடிதத்தில் எழுதுகிறேன். பயப்படாமல் ஆறுதலாக வாசி.

நீ போன பிறகு, தொண்ணூற்றைந்தாம் ஆண்டில், எங்கள் கூட்டுறவுச் சங்கம் ஊழியர் எல்லோரையும் கொழும்பில் ஒரு இன்சூரன்ஸ் கொம்பனியில் சேர்த்தது. மாதாமாதம் சம்பளத்தில் வெட்டுவார்கள், ஊழியருக்கோ பெண்சாதிக்கோ பெரிய வருத்தம் வந்தால் ஆஸ்பத்திரிச் செலவு அவர்கள் பொறுப்பு. நானும் நிம்மதியாக இருந்தேன். உம்மாவின் டொக்டர் துண்டுகளை எல்லாம் சேர்த்து அனுப்பினால் கொம்பனி என்ன சொல்லுகிறது தெரியுமா, இந்த அம்மாவுக்குத் தொண்ணூற்று மூன்றாம் ஆண்டிலிருந்தே நெஞ்சு நோவு இருந்திருக்கிறது, அதை மறைத்துச் சேர்ந்திருக்கிறீர்கள், ஆகவே ஒன்றும் தர முடியாது என்று. மறைத்தேனாம்! முப்பது வருஷமாகச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறேன், யாரும் என்னைப் பார்த்து அப்படி ஒரு சொல் சொன்னதில்லை. எனக்கு இரத்தம் கொதித்தது. இந்த வருஷம் நோன்புப் பெருநாளுக்குப் பிறகுதான் அவளுக்கு இந்த மூச்சு வாங்குகிற வருத்தமே வந்தது, அது எனக்குத் தெரியாதா.

இரண்டு தரம் எழுதியும் அதே பதில்தான். என்னோடு வேலை செய்கிற காரைதீவுக் குணம் அண்ணன்தான், சும்மா எழுதி எழுதிக் களைக்காமல் எம்.பி.யிடம் போவோம் என்றார். எனக்கு மனம் இல்லை. வோட்டுப் போட்டதோடு சரி, யாருடைய வாசலிலும் போய் நான் நின்றதில்லை. சம்பளத்தில் வெட்டிக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்பதற்கு ஏன் ஒரு எம்.பி. வேண்டும் என்று மனதுக்குள் பெரிய நியாயம் எல்லாம் பேசிக்கொண்டேன். ஆனால் உம்மா மூச்சு வாங்கி நிற்கிற போது அந்த நியாயம் நிற்கவில்லை மகன், போனேன். சனிக்கிழமை அவர் வீட்டு வளவில் ஊரே நிற்கிறது, இடமாற்றம், வேலை, கரண்ட், பாதை என்று ஆளுக்கு ஒரு முறைப்பாடு. அவருடைய செயலாளர் என் முகத்தைப் பார்க்காமலே மகனுக்கு வேலையா என்று கேட்டார். மகன் வேலையோடுதான் இருக்கிறான், எனக்கு வேண்டியது வேறு என்றேன். இன்சூரன்ஸ் என்றதும் ஆள் ஒரு மாதிரிப் பார்த்தார், அந்த வளவில் அதுவரை யாரும் அப்படி ஒன்றுக்கு வந்ததில்லை போல. கடைசியில், இவர் எனக்கு நன்கு தெரிந்தவர், ஆவன செய்யவும் என்று எல்லோருக்கும் கொடுக்கிற அதே கடிதத்தைக் கொடுத்து அனுப்பினார். கொம்பனி அதற்கும் மரியாதையாக முடியாது என்று எழுதியது.

இரண்டாம் முறை குணம் அண்ணனும் கூட வந்தார். இந்த முறை எம்.பி.யையே பிடித்துவிட்டோம். கொம்பனியின் பதிலை அவர் வரிவரியாக வாசித்தார், அதை நான் சொல்லத்தான் வேண்டும். வாசித்துவிட்டு, சொந்தத் தம்பி மாதிரி என்னைக் காக்கா என்று கூப்பிட்டு, தொண்ணூற்று மூண்டில என்ன நடந்த எண்டு கேட்டார். ஒன்றும் நடக்கவில்லை, சுத்தப் பொய் என்று நான் மேசையில் தட்டினேன். நீங்க சொல்றது சரி, டொக்டர்ர துண்டிலதான் அப்படி இருக்காம், டொக்டர் என்னத்துக்குப் பொய் எழுதுற, வீட்ட போய் மச்சிட்டக் கேளுங்க எண்டார், உம்மாவைத்தான் சொன்னார். எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. கொம்பனிக்கு எழுதினேன், எம்.பி.யிடம் போனேன், குணம் அண்ணனோடு மணிக்கணக்கில் கதைத்தேன், ஆனால் வருத்தக்காரியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வந்து கேட்டேன். உம்மா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள், நிமிராமலே சொன்னாள். கொழும்பில் கொஞ்சம் தமிழ் தெரிந்த ஒரு சிங்கள நேர்ஸ் பிள்ளைதான் டொக்டருக்கு மொழிபெயர்த்துச் சொன்னதாம். நான் அப்போது மருந்துச் சீட்டோடு வெளியே போய்விட்டேன். அந்தப் பிள்ளை நெஞ்சு நோவு எவ்வளவு காலமா என்று கேட்டிருக்கிறாள். உம்மா சொல்லியிருக்கிறாள், மகன் கட்டாருக்குப் போன அண்டைக்குத் தொடங்கின நோவு புள்ள, இன்னும் விட்டபாடில்ல எண்டு. மகன் எப்போது போனார் என்று அந்தப் பிள்ளை கேட்க, இவளும் தொண்ணூற்று மூன்று என்று சொல்லியிருக்கிறாள். டொக்டர் அதை அப்படியே இங்கிலீசில் எழுதிவிட்டார். அந்த நேர்ஸ் பிள்ளையைக் குறை சொல்ல மாட்டேன், பாவம், தெரிந்த தமிழைக் கொண்டு உதவி செய்தாள். எங்களுக்கு நெஞ்சும் மனமும் ஒரே சொல் என்று அவளுக்கு யார் சொல்லிக் கொடுப்பது.

இதைப் போய்ச் சொன்னபோது எம்.பி. சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. கொம்பனி மனேஜருக்கு அங்கேயே டெலிபோன் எடுத்தார். விட்டுக்கொடுக்காமல் கதைத்தார் மகன், இந்த மனுஷன் பாராளுமன்றத்தில் வாய் திறப்பதில்லை என்று கடைத்தெருவில் சொல்லுகிறவர்களில் நானும் ஒருவன், இனிமேல் சொல்ல மாட்டேன். எம்.பி. கேட்டுக்கொண்டதும் தன் குறிப்பைத் திருத்தித் தர டொக்டரும் சம்மதித்துவிட்டார். இன்சூரன்சில் சேரும் முன் நெஞ்சில் எந்த நோவும் இருக்கவில்லை என்று உம்மா ஒரு சத்தியக் கடதாசி கொடுத்தால் கேஸைத் திரும்பப் பார்ப்போம் என்று மனேஜர் சொன்னார். ஆஸ்பத்திரியிலும் இன்சூரன்சிலும் எங்கள் ஆட்களிடம் தமிழில் கேட்டுத் தமிழில் எழுத ஒரு சட்டம் கொண்டுவர ஏலாதா, நீங்கள்தானே சட்டம் செய்கிற இடத்தில் இருக்கிறீர்கள் என்று நானும் கேட்டேன். கேள்வி போடுகிறேன் என்று குறித்துக்கொண்டார். போடுவாரோ இல்லையோ, கேட்டது எனக்கு நல்லதாகப் பட்டது.

எல்லாம் சரி வந்தது என்று கடதாசியை எழுதுவித்துக் கொண்டு வந்தால், உன் உம்மா கையெழுத்துப் போட மாட்டேன் என்றுவிட்டாள். சத்தியக் கடதாசி எண்டா சத்தியந்தானே, நோவு இருந்த, இல்லண்டு அல்லாஹ்வ முன்னால வெச்சி எப்படிச் சொல்ற எண்டாள். நான் சத்தம் போட்டேன். அது மனசு நோவு, கொம்பனி கேக்கிறது நெஞ்சு நோவு, ரெண்டும் வேற எண்டேன். ரெண்டும் ஒரு இடத்திலதான் நோவுது, நீங்க வேணுமெண்டா பிரிச்சிக் காட்டுங்க எண்டாள். ஸுல்பிகா அழுது கெஞ்சினாள், உசிருக்காகத்தானே உம்மா எண்டு. அசையவில்லை. பொய்ச் சத்தியத்தோட ஒப்பரேஷன் மேசையில போய்ப் படுக்க ஏலா, அங்க இருந்து எழும்பாமப் போனா நான் என்ன பதில் சொல்ற எண்டு கேட்டாள். எனக்குக் கோபமும் வந்தது, அவளை நினைத்துப் பெருமையும் வந்தது, பயம் எல்லாவற்றையும் விட அதிகமாக வந்தது. அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

கடைசியில் குணம் அண்ணன்தான் வழி சொன்னார், பொய்தான் சொல்ல மாட்டா, உண்மையை எழுதுவமே என்று. அவள் பக்கத்தில் கதிரை போட்டு இருந்து, அவள் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். என் மூத்த மகன் தொழிலுக்காகக் கட்டார் போன நாள் முதல் அவனை நினைத்து என் நெஞ்சு நோவதுண்டு, அதற்கு நான் எந்த வைத்தியரிடமும் போனதில்லை, மருந்தும் எடுத்ததில்லை, நடந்தால் மூச்சு வாங்குகிற நோவு இந்த வருஷம் பெருநாளுக்குப் பிறகு வந்தது, இரண்டும் உண்மை. இவ்வளவுதான். வாசித்துக் காட்டியதும் பிஸ்மி சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். சமாதான நீதவான் முத்தலிப் ஹாஜியார் முத்திரை குத்தும்போது, இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு கடதாசிக்கு நான் கையெழுத்து வைத்ததில்லை என்றார். எம்.பி. அதைத் தன் கடிதத்தோடு அனுப்பினார், இந்த முறை நாலு வரிக் கடிதம் இல்லை, முழுப் பக்கம். அதற்குத்தான் முந்தாநாள் பதில் வந்தது. செலவை ஏற்க அவர்களுக்குச் சம்மதம், ஆனால் மகன் அந்த வருஷம்தான் நாட்டை விட்டுப் போனார் என்பதற்கு அத்தாட்சி வேண்டுமாம்.

ஆகவே மகன், நீ கட்டுநாயக்காவில் ஏறின நாளின் முத்திரை இருக்கிற பாஸ்போட் பக்கத்தைத் தெளிவாகப் போட்டோக் கொப்பி எடுத்து உடனே அனுப்பு. தபாலில் விட்டால் சுணங்கும், ஊருக்கு வருகிற யாருடைய கையிலாவது கொடுத்துவிடு. ஸுல்பிகாவுக்குக் கட்டுகிற வீட்டின் வேலை முடிய வேண்டும் என்றுதான் நீ லீவை எல்லாம் விட்டுவிட்டு அங்கேயே நிற்கிறாய் என்று எங்களுக்குத் தெரியும். கூரை போட்டாகிவிட்டது, கதவு ஜன்னல்தான் பாக்கி, அது நின்றாலும் பரவாயில்லை. நேரத்துக்குச் சாப்பிடு, தொழுகையைத் தவறவிடாதே, வெயிலில் தலையை மூடாமல் நிற்காதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் ஹலாலான உழைப்பையும் தருவானாக.

எழுதியதை உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள், பாஸ்போட் விஷயம் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினாள். கொப்பி வேணாம், பாஸ்போட்டக் கையில எடுத்துக்கிட்டு அவனையே வரச் சொல்லி எழுதுங்க எண்டாள்.

உன் வாப்பா,
மு. காலிதீன்