வலி இல்லை என்று எழுதியிருந்தது

அன்புள்ள கண்ணாயிக்கு, அர்த்தனாரி எழுதுவது. நீயும் மாடு கன்றும் சுகந்தானே? இது முழுக்க என் கையெழுத்து. யாரும் உதவவில்லை.

கோயம்புத்தூரில் தோட்ட வேலை இப்போது லேசாகத்தான் கொடுக்கிறார்கள். புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குத் தவறாமல் போகிறேன். போன வாரம் அங்கே ஒரு வேடிக்கை. நோயாளி சொல்வதை நர்ஸ் அனுராதா கம்ப்யூட்டரில் தமிழிலேயே பதிவு செய்வாள். டாக்டர் அதைப் பார்த்துத்தான் மருந்து தருவார். நான் எட்டிப் பார்த்து எழுத்துக் கூட்டிப் படித்தேன். "வலி இல்லை. விழுங்கச் சிரமம் இல்லை." ஒவ்வொரு முறையும் அதேதான்!

"ஏன் கண்ணு, இது யாரோடது?" என்றேன்.

"உங்களோடதுதானுங்க அய்யா. எப்பக் கேட்டாலும் நல்லா இருக்கேன்னுதானே சொல்றீங்க?"

நம் மலையில் ஒருவர் நலம் விசாரித்தால் வேறென்ன சொல்வோம்? அவளும் மரியாதைக்குக் கேட்கிறாள் என்றிருந்தேன்.

"அதை அழிச்சுடு கண்ணு. கஞ்சி குடிச்சாலே தொண்டை எரியுது."

"பழசை அழிக்க முடியாதுங்க. இன்னைக்கு உள்ளதைச் சொல்லுங்க, புதுசாப் போடறேன்."

எல்லாம் சொன்னேன். டாக்டர் மருந்தை மாற்றினார். இப்போது கஞ்சி இறங்குகிறது, பயப்படாதே.

பக்கத்து வீட்டுச் சசிகுமார் இங்கே வரும்போது சாமை அரிசி கொடுத்துவிடு. என் பழைய போர்வையும் வேண்டும். இங்கே குளிர் இல்லை, ஆனாலும் வேண்டும்.

போனில் உன் முழங்காலைப் பற்றிக் கேட்டால் நீயும் நல்லா இருக்கேன் என்கிறாய். இனி அது செல்லாது. நீயும் என்னோடுதானே முதியோர் பள்ளியில் எழுதப் படிக்கக் கற்றாய்? எங்கே வலிக்கிறது என்று எழுது. வேலைக்கு நேரமாகிவிட்டது.

அர்த்தனாரி