புல்மேட்டில் விட்ட குதிரை

வத்தலக்குண்டு
18.10.1958

அன்பு நண்பன் குருநாதனுக்கு நசுருதீன் சலாம் சொல்லி எழுதுவது.

சபுராவை அவள் அம்மா வீட்டில் கொண்டுவந்து சேர்த்துவிட்டேன். தலைப்பிரசவம் என்பதால் தை பிறக்கும்வரை நானும் இங்கேதான். மாமியார் வீட்டில் முதல் வாரம் கறிச்சோறு, இரண்டாம் வாரம் ரசம். இப்போது "மாப்ளைக்கு மலையில சோலி இல்லையா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

மழை பிடித்துவிட்டதே, பொதி ஏற்ற வழி ஏது? எல்லாரையும் போல நானும் என் குதிரை செவலையைக் கவுஞ்சிக்கு மேலே புல்மேட்டில் அவிழ்த்துவிட்டுத்தான் இறங்கினேன். இந்த வருஷம் பூண்டு மூட்டை அதிகம். முதுகில் உள்ளங்கை அகலத்துக்குப் பொதிப்புண். சேணம் படாமல் மூன்று மாதம் மேய்ந்தால் தானாக ஆறிவிடும், உனக்குத் தெரியாததா? மற்றவர்களுக்கு இரண்டு மூன்று குதிரைகள். எனக்கு இது ஒன்றுதான். தையில் அது முதுகு ஆறி வந்தால்தான் என் வீட்டில் அடுப்பு எரியும்.

ஜீவகாருண்ய சபையில் கம்பவுண்டர் ஆனதிலிருந்து ஜீப்பில் சுற்றுகிறாயாமே, பெரிய மனுஷன்தான். அந்தப் பக்கம் போனால் செவலையை ஒரு பார்வை பார்த்து எழுது.

அன்புடன்,
நசுரு


கொடைக்கானல்
6.11.1958

அன்புள்ள நசுரு,

தங்கச்சி சபுரா நல்லபடியாகப் பெற்றுப் பிழைக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். இங்கே ஏழு நாளாக வெயிலே இல்லை. துவைத்த சட்டை காயாமல் அடுப்பின்மேல் போட்டு, சட்டை முழுக்கப் புகை நாற்றம்.

உன் செவலையைப் பார்த்தேன். நன்றாகத் தின்கிறது. புண்ணுக்கு மருந்து வைத்தேன், ஓரம் கட்டி ஆறி வருகிறது.

எங்கள் சபைத் தலைவியம்மா நல்லவர்கள்தான். தெருநாய்க்கும் பால் வாங்கி ஊற்றுவார்கள். ஆனால் காயம்பட்ட குதிரை மழையில் நிற்பதைப் பார்த்துவிட்டால் போதும், "டிஸ்கிரேஸ், கம்பவுண்டர்! இந்தக் குதிரைக்காரங்களை கோர்ட்ல நிறுத்தணும்" என்று குதிக்கிறார்கள். மழைக்கு அவிழ்த்துவிடுவது இந்த மலையின் வழக்கம் என்று சொல்லிப் பார்த்தேன். காதில் ஏறவில்லை.

அதனால் கேள். செவலை உன்னுடையது என்று யாரிடமும் சொல்லிக்கொள்ளாதே. இப்போதைக்கு மேலே வரவும் வேண்டாம். எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்.

என்றும் உன்,
குருநாதன்


கவுஞ்சி
16.2.1959

அன்பு குருநாதா,

மகன் பிறந்த செய்தியை எழுதினேன், பதில் இல்லை. செவலையைக் காணோம் என்று எழுதினேன், அதற்கும் இல்லை. இது மூன்றாவது. உடம்புக்கு முடியவில்லையா, இல்லை ஜீப்பில் போகிறவனுக்குப் பொதிக்காரன் சிநேகிதம் கசந்துவிட்டதா?

பொங்கல் கழிந்த மறுநாளிலிருந்து தேடுகிறேன். விசில் அடித்து அடித்து உதடு வெடித்துவிட்டது. மற்ற குதிரைகள் எல்லாம் விசிலுக்கு இறங்கிவிட்டன. சிறுத்தை அடித்திருந்தால் எலும்பாவது கிடைக்க வேண்டும். எனக்கு வடகவுஞ்சி நாச்சிமுத்து மேல்தான் சந்தேகம். போன வருஷம் செவலையை விலைக்குக் கேட்டவன் அவன். கார்த்திகையில் புல்மேட்டுக்குப் போனவனும் அவன் ஒருவன்தான்.

பஞ்சாயத்தில் சொல்லிவிட்டேன். எல்லார் முன்னாலும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏலே நசுரு, என்னையவா திருடங்கிற? எங் கையும் உங் கையும் ஒரே கயித்தப் பிடிச்ச கையில்லையா?" என்று அழுதான். நான் கையை உதறிவிட்டேன். இப்போது கவுஞ்சியில் ஒருவரும் அவனுக்குப் பொதி கொடுப்பதில்லை. அடுத்த வாரம் புதன்கிழமை போலீசில் எழுதிக்கொடுக்கப் போகிறேன். கடைசியாகக் குதிரையைப் பார்த்தவன் நீ. எந்த இடத்தில், என்றைக்குப் பார்த்தாய் என்று வெரசா எழுது.

நசுரு


கொடைக்கானல்
19.2.1959

நசுரு,

போலீசுக்குப் போகாதே. நாச்சிமுத்து எடுக்கவில்லை.

நான் உனக்கு எழுதிய அன்றைக்கே செவலை எங்கள் சபை லாயத்தில்தான் நின்றது. பூம்பாறை வழியில் மழையில் நனைந்துகொண்டு நின்றதாம். தலைவியம்மாவே பிடித்து வரச் செய்தார்கள். "உனக்குத் தெரிஞ்ச குதிரையா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றிருந்தால் அன்றே உன்மேல் வழக்கு. பிள்ளைத்தாய்ச்சியை வைத்துக்கொண்டு நீ கோர்ட்டில் நிற்கவா என்று நினைத்தேன். தெரியாது என்று சொல்லிவிட்டேன். புண் ஆறியதும் ஒரு நாள் ஓட்டிக்கொண்டுபோய் மேலே விட்டுவிடலாம் என்றிருந்தேன்.

உடையவன் ஏழு நாளில் வராத ஜீவனுக்கு வேதனையிலிருந்து விடுதலை கொடுப்பது என்று சபையில் ஒரு விதி உண்டு. நோட்டீஸ் ஒட்டினார்கள், இங்கிலீஷில், எங்கள் கேட்டிலேயே. எட்டாம் நாள் காலையில் துப்பாக்கியோடு சபை டாக்டர் வந்தார். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறந்தால் முதலில் சொன்னது பொய்யென்று ஆகும், வேலை போகும். உனக்காகத்தான் பொய் சொல்ல ஆரம்பித்தேன். அன்றைக்கு எனக்காக வாயை மூடிக்கொண்டேன். கயிற்றைப் பிடித்திருந்ததும் நான்தான். வெல்லம் கொடுத்தேன், தின்றுகொண்டே இருந்தது. தலைவியம்மா அழுதார்கள், நிஜமாகவே அழுதார்கள்.

புண் முக்கால்வாசி ஆறியிருந்தது, நசுரு.

என்னை என்ன வேண்டுமானாலும் சொல். ஒரு வரியாவது எழுது.

குருநாதன்


கவுஞ்சி
5.3.1959

ஜீவகாருண்ய சபை கம்பவுண்டர் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. ஒரு வரி கேட்டிருந்தீர்கள், கொஞ்சம் கூடவே எழுதுகிறேன்.

வடகவுஞ்சிக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் நாச்சிமுத்துவின் பெண்டாட்டி காளியாயி கதவைச் சாத்திக்கொண்டாள். வாசலில் நின்றே, உள்ளே இருந்தவனுக்குக் கேட்கும்படி சொன்னேன், செவலையைச் சிறுத்தை அடித்திருக்கிறது, பள்ளத்தில் எலும்பைப் பார்த்துவிட்டேன், நான் சொன்னது அபாண்டம், மன்னித்துக்கொள் என்று. பஞ்சாயத்திலும் அப்படியே சொன்னேன். உங்கள் பெயரை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் உங்கள் வேலை போயிருக்கும். என்மேல் வழக்கு வராமல் நீங்கள் பார்த்துக்கொண்டீர்கள், உங்கள் வேலை போகாமல் நான் பார்த்துக்கொண்டேன். இனி நமக்குள் பேச ஒன்றுமில்லை. உங்களிடமிருந்து கடிதம் வந்தால் பிரிக்காமல் திருப்பிவிடுவேன்.

நாச்சிமுத்து என்னை வையவில்லை. "போனது போச்சு நசுரு. எங்கிட்டதான் ரெண்டு கெடக்கே, ஒண்ண ஓட்டிட்டுப் போ. பச்சப்பிள்ளை இருக்கிற வீடு" என்றான். இந்த வாரப் பொதியை அவன் குதிரையில்தான் ஏற்றினேன்.

இன்னொரு சேதி, உங்கள் தலைவியம்மாவுக்கும் சொல்லுங்கள். சிறுத்தை என்று நான் சொன்னதை ஊர் நம்பிவிட்டது. வருகிற மழைக்கு யாரும் குதிரைகளை மேலே விடுவதில்லை என்று பஞ்சாயத்தில் முடிவாகியிருக்கிறது. மூன்று மாதமும் கொட்டகை ஈரத்தில் கட்டித்தான் போடுவார்கள். பொதிப்புண் எல்லாம் சீழ் வைக்கும். ஐப்பசியில் ஜீப்பை எடுத்துக்கொண்டு வாருங்கள், உங்கள் சபைக்கு வீட்டுக்கு வீடு வேலை இருக்கும்.

இப்படிக்கு,
பா. நசுருதீன்