ஜன்னலுக்கு வெளியே படித்தவள்

அன்புள்ள உங்களுக்கு,

நான் நலம். உங்கள் முதுகுவலியும் மகளின் சளியும் குறைந்தனவா? மாற்றல் கேட்டதற்கு இன்னும் பதில் இல்லை.

தொற்று அடங்கி, போனில் பாடம் நடத்தியது முடிந்து, பள்ளியைத் திறந்துவிட்டார்கள். காற்றோட்டத்துக்காக ஜன்னல்களைச் சாத்துவதில்லை, பெஞ்சுக்கு ஒருவர்தான். பின்தங்கிய பிள்ளைகளுக்கு மாலையில் தனி வகுப்பு எடுக்கிறேன். கேட்டதற்கெல்லாம் டக்கென்று பதில் சொல்லும், தொற்றுக் காலத்தில்தான் பள்ளியில் சேர்ந்த ஒரு சிறுமியை, இவளுக்கு எதற்கு என்று அதில் சேர்க்கவில்லை. நேற்று அவளைக் கரும்பலகையில் எழுதச் சொன்னேன். சாக்பீஸைப் பிடித்தபடி நின்றாள்.

"என்னடி, கை சுளுக்கிக்கிச்சா?" என்றேன். வகுப்பே சிரித்தது.

"எங்க வீட்ல போன் இல்ல டீச்சர். பக்கத்து வீட்டு ஜன்னலுக்கு வெளிய நின்னு நீங்க நடத்துனத கேட்டுக்கிட்டேன். எழுத்த பாக்கவே இல்ல."

தனி வகுப்பில் இனி முதல் பெஞ்சு அவளுக்குத்தான். ஆனால் அந்தச் சிரிப்பை என்னால் திரும்ப வாங்க முடியாதே.

நம் மகளும் தினமும் போனில் பாடம் ஒப்பிக்கிறாள். நானும் சபாஷ் போடுகிறேன். அவள் எழுதி நான் பார்த்து வெகு நாளாகிவிட்டது. இங்கே குளிர்கிறது, என் நீலச் சால்வையை அனுப்புங்கள். கூடவே அவளே எழுதிய ஒரு பக்கமும் வரட்டும். நீங்கள் திருத்திவிடாதீர்கள். எப்படி இருந்தாலும் எனக்குத் தெரிய வேண்டும்.

மணி அடிக்கிறது, ஓடுகிறேன்.

உங்கள் மனைவி