யோகமலரின் பெயரில் கிடக்கும் பேச்சாயியைத் தேடித் தருமாறு கோரும் மனு

அனுப்புநர்:
வே. ஜெயரட்ணம்,
ஓய்வுநிலைப் பாடசாலை அதிபர்,
மேல்வாசல் தோட்டம், கீழ்ப்பிரிவு,
பசறை.

பெறுநர்:
செயற்றிட்டப் பணிப்பாளர்,
நோயாளர் செய்தி அறிவிப்புக் கணினித் திட்டம்,
பதுளை.

விடயம்: காலஞ்சென்ற என் மனைவியின் பெயரில் வைத்தியசாலையிலிருந்து வந்துகொண்டிருக்கும் கணினிச் செய்திகளும், அதனால் ஒரு பெண்ணுக்கு நேர்ந்துள்ள ஆபத்தும்

மதிப்பிற்குரிய ஐயா,

1. தவறு என்னுடையதாக இருக்கலாம் என்ற ஐயத்தினால் இதுவரை எழுதாமல் இருந்தேன். இன்று காலை வந்த செய்தியின் பின் அவ்வாறு இருக்க இயலவில்லை. அவசரமான பகுதி ஏழாம் பந்தியில் உள்ளது. நேரமில்லையாயின் ஐயா அதனை முதலில் வாசித்துவிட்டு, மற்றவற்றைப் பிறகு பார்க்கலாம்.

2. தங்கள் திட்டத்தின்படி, ஒரு நோயாளி வைத்தியசாலைக்கு வரும்போதும், வாட்டு மாறும்போதும், அங்கிருந்து போகும்போதும் வைத்தியசாலைக் கணினி எங்கள் தோட்ட டிஸ்பென்சரிக் கணினிக்குச் செய்தி அனுப்புகிறது. உறவினரின் கைத்தொலைபேசிக்கும் அதே செய்தி வருகிறது. முன்பெல்லாம் கூடப் போனவர் பஸ் ஏறித் திரும்பி வந்து சொன்னால்தான் உண்டு. ஆதலால் இத்திட்டத்தை வரவேற்றவர்களில் நானும் ஒருவன். அதனைக் குறைகூறுவது இப்போதும் என் நோக்கமன்று.

3. என்னுடன் ஒரே பாடசாலையில் கற்பித்த என் மனைவி யோகமலர், சர்க்கரை வியாதியால் காலில் புண் முற்றி, கடந்த வைகாசியில் பதுளையில் அனுமதிக்கப்பட்டார். எங்கள் வீட்டில் பின்புறக் கொய்யா மரத்தடியில் மட்டுமே சிக்னல் கிடைக்கும் என்பதால், தொலைபேசியை ஒரு பிளாஸ்டிக் பையில் இட்டுக் கிளையில் தொங்கவிட்டிருக்கிறேன். யோகமலர் வாட்டிலேயே காலமானார். அப்போது நான் அருகில் இருந்தேன். பிரேதப் பெட்டி வீட்டின் முன்னறையில் இருக்கும்போது, முகம் கழுவப் பின்புறம் சென்ற நான் தொலைபேசியை எடுத்துப் பார்த்தேன். ‘யோகமலர் வைத்தியசாலையிலிருந்து வீடு திரும்புகிறார்’ என்று இருந்தது. டிஸ்பென்சரியில் கணினியைக் கவனிக்கும் நஸீரிடம் பிற்பாடு கேட்டேன். “கம்பியூட்டருக்குக் கட்டில் காலியானது மட்டுந்தான் தெரியும் சேர். ஆள் நடந்து போனதா, தூக்கிட்டுப் போனதா, அது அதுக்கு வெளங்காது” என்றார். அவ்விளக்கத்தை ஏற்றுக்கொண்டேன்.

4. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்து சில வாரங்களின் பின், யோகமலர் மீண்டும் அனுமதிக்கப்பட்டதாகச் செய்தி வந்தது. அடுத்து அவர் வாட்டு மாறினார். பின்னர் வீடு திரும்புவதாக வந்தது. என் புத்தி தடுமாறுகிறதோ என்று அஞ்சி இதனை எவரிடமும் காட்டவில்லை. அன்று பின்னேரம் வாசற்கதவைத் தாழிடாமல் விட்டேன் என்பதையும், தங்களிடம் எதையும் மறைக்கலாகாது என்பதற்காக எழுதுகிறேன். மறுநாள் கதவு தட்டப்பட்டது. டிஸ்பென்சரிக்குப் புதிதாக வந்த தாதி ஒருவர், யோகமலரின் காலுக்குக் கட்டுப்போட மருந்துப் பையுடன் நின்றார். அவருடைய கணினியிலும் யோகமலர் வீடு வந்திருந்தார். உள்ளே அழைத்துத் தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். சுவரில் மாலையிட்டிருந்த படத்தைப் பார்த்துவிட்டு, அவர் பாதித் தேநீரை வைத்துவிட்டுப் போய்விட்டார். அதன் பின்னும் யோகமலர் சில தடவைகள் போய் வந்தார்.

5. சென்ற வாரம் எங்கள் கீழ்ப்பிரிவில் தொழிலாளர் குடியிருப்பான லயத்தைச் சேர்ந்த பேச்சாயி என்ற தொழிலாளி, காய்ச்சலுடன் தேயிலைக் கொழுந்து எடுக்கையில் மலையில் மயங்கி விழுந்தார். தோட்ட லொறியில் அவரைப் பதுளைக்குக் கொண்டு சென்றனர். அன்றே யோகமலர் அனுமதிக்கப்பட்டதாக எனக்குச் செய்தி வந்தது. பேச்சாயியின் கணவர் முத்துவீரன் டிஸ்பென்சரியில் விசாரித்தபோது, அப்பெயரில் எவரும் அனுமதிக்கப்படவில்லை என்றே கணினி காட்டியது. அவர் கலங்கிப்போய் என்னிடம் வந்தார். அவரை அழைத்துக்கொண்டு பதுளைக்குச் சென்று, வேறு வழி தோன்றாமல், யோகமலர் எந்தக் கட்டிலில் இருக்கிறார் என்று விசாரித்தேன். உடனே கையைக் காட்டினார்கள். அங்கே பேச்சாயி படுத்திருந்தார். அவர் எங்களைக் கண்டதும் கூறியதை அப்படியே தருகிறேன்: “டீச்சரம்மா பேரச் சொல்லித்தாங்க கூப்பிடுறாங்க மாஸ்டர். நான் பேச்சாயின்னு சொன்னேன், காய்ச்சல்ல பெனாத்துறேன்னு சிஸ்டர் சொல்லிருச்சு. இப்ப ஆமாங்கன்னு சொல்லிடுறேன். சோறு வருதுல்ல.” சற்று நேரத்தில் தாதி ‘யோகமலர்’ என்று அழைத்தார். பேச்சாயியும் நானும் ஒன்றாகத் திரும்பினோம்.

6. காரணத்தை அனுமதிப் பிரிவில் பொறுமையாக விளக்கினார்கள். தோட்டத்து மக்கள் பலரிடம் அடையாள அட்டை இல்லை; ஒரே பெயரில் பலர் இருக்கிறார்கள். ஆகவே தொலைபேசி இலக்கத்தைக் கொண்டே கணினி ஒருவரை அடையாளம் காண்கிறது. ஆனால் ஐயா, எங்கள் லயங்களில் எவரிடமும் தொலைபேசி இல்லை. எங்கே கேட்டாலும் மாஸ்டரின் இலக்கத்தைக் கொடுப்பதே இங்குள்ள வழக்கம். அவ்விலக்கத்தில் முதலில் பதியப்பட்டவர் யோகமலர். அதனால் இப்பிரிவிலிருந்து எந்தப் பெண் சென்றாலும் அவர் யோகமலராகிவிடுகிறார். பெயர் மட்டுமென்றால் நான் இவ்வளவு எழுதமாட்டேன். யோகமலரின் சர்க்கரை வியாதியும் அந்தக் கட்டிலுக்குப் போயிருக்கிறது. பேச்சாயிக்கு அவ்வியாதி இல்லை. ஆயினும் கட்டிலின் தலைமாட்டில் இன்சுலின் ஊசி போடும்படி எழுதியிருந்தது. நான் தயங்கித் தயங்கிச் சொன்னேன். டாக்டரிடம் தெரிவிப்பதாகத் தாதி கூறினார். இன்னும் உரத்துச் சொல்லியிருக்க வேண்டும். மறுநாள் யோகமலர் வேறு வாட்டுக்கு மாற்றப்பட்டதாகச் செய்தி வந்தது. நான் சொன்னது அந்த வாட்டுக்கும் போய்ச் சேர்ந்ததா என்று அறியேன்.

7. இன்று காலை கொய்யா மரத்தடியில் வந்த செய்தி: ‘யோகமலர் வைத்தியசாலையிலிருந்து வீடு திரும்புகிறார்.’ கட்டில் காலியாகிவிட்டது என்பதற்கு மேல் இதிலிருந்து எதுவும் எனக்கு விளங்கவில்லை. வைத்தியசாலைக்குத் தொலைபேசியில் பேசினேன். யோகமலர் போய்விட்டார் என்றும், பேச்சாயி என்று எவரும் பதிவில் இல்லை என்றும் கூறினார்கள். நேரில் செல்ல வழியில்லை; பசறை–பதுளை வீதி மண்சரிவால் மூடப்பட்டுள்ளது. பதுளையிலிருந்து வரும் பஸ் மண்மேட்டின் அப்புறத்தோடு திரும்பிவிடுகிறது. பேச்சாயி யோகமலரின் பெயரில் இருப்பதை அறிந்திருந்த நஸீர், முத்துவீரனுக்கு நல்ல மனத்தோடு செய்தியைச் சொல்லியிருக்கிறார். முத்துவீரன் என் வாசலில் நின்று, “அனுப்பிட்டாங்களாம்ல மாஸ்டர்! நான் ரோட்டுக்குப் போறேங்க. பாவம், ஒத்தையில எப்படி மண்ணு மேல ஏறி வருவா?” என்று கூறிவிட்டு, மனைவியின் கம்பளியை எடுத்துக்கொண்டு போனார். போகுமுன் லயத்து அறையைப் பெருக்கி, அடுப்பில் சுடுதண்ணீரும் வைத்திருக்கிறார். இதே செய்தி என் வீட்டுக்கு முதலில் வந்தபோது முன்னறையில் என்ன இருந்தது என்பதை அவரிடம் நான் சொல்லவில்லை.

8. ஆகவே தங்களிடம் வேண்டுவன:

(அ) தங்கள் அலுவலகம் வைத்தியசாலைக்கு நடந்து போகும் தூரத்தில்தான் உள்ளது. கணினியைப் பார்க்காமல், ஒருவரை நேரில் வாட்டுகளுக்கு அனுப்புங்கள். பேச்சாயிக்கு இடது காது கேளாது. வலது பக்கம் நின்று அழைக்க வேண்டும். யோகமலர் என்று அழைத்தாலும் அவர் திரும்புவார். தயவுசெய்து பேச்சாயி என்று அழையுங்கள்.

(ஆ) வாட்டுகளில் அவர் இல்லையாயின், பிரேத அறையிலும் பார்க்க வேண்டும். இடது மணிக்கட்டில் வேல் பச்சை குத்தியிருக்கும். அங்கே அவர் யோகமலர் என்று எழுதப்பட்டிருந்தால், அப்பெயரில் எவரிடமும் கையளிக்க வேண்டாம். யோகமலரின் காரியங்களை நாங்கள் முறையாகச் செய்து முடித்துவிட்டோம்.

(இ) என் தொலைபேசி இலக்கத்திலிருந்து யோகமலரை நீக்கிவிடுங்கள். இவ்வேண்டுகோளை எழுதுவதற்கே எனக்கு அதிக நேரம் பிடித்தது. அவர் வருவதாக இனியும் எனக்கு அறிவிக்க வேண்டாம்.

இம்மனுவைப் பசறையிலுள்ள தொலைபேசிக் கடையிலிருந்து பெக்ஸ் (தொலைநகல்) மூலம் அனுப்புகிறேன். இதனை அனுப்பியதும் வீடு திரும்பி, கொய்யா மரத்தடியில் காத்திருப்பேன். முடிவு எதுவாயினும் செய்தியாக அனுப்பாமல், ஒரு மனிதக் குரலில் சொல்லும்படி இரந்து கேட்கிறேன். முத்துவீரன் இன்னும் மண்மேட்டில் நிற்கிறார். அவரிடம் சென்று சொல்ல வேண்டியவன் நான்.

தங்கள் உண்மையுள்ள,
வே. ஜெயரட்ணம்

இடம்: பசறை
திகதி: 23.11.2006