பத்து மணி நேரந்தானே

அன்புள்ள அத்தாவுக்கு, அர்ஹமின் ஸலாம். கால் வீக்கம் வடிந்ததா? அம்மாவின் இருமல் எப்படி இருக்கிறது? நான் நலமாக இருக்கிறேன்.

போனில் சொன்னால் பேச்சை மாற்றிவிடுவீர்கள் என்று இதை எழுதுகிறேன்.

"பாரிஸ்லேர்ந்து சென்னை பத்து மணி நேரந்தானே, நெனச்சா வந்துடலாம்" என்று அடிக்கடி சொல்வீர்கள். எட்டாயிரம் கிலோமீட்டரை விமானம் அந்த நேரத்தில்தான் கடக்கிறது.

போன செவ்வாய்க்கிழமை, என்னோடு அறையில் இருக்கும் காரைக்கால் ஜெய்னுலாபுதீன் அண்ணனின் அம்மா மௌத்தாகிவிட்டார்கள். உடனே டிக்கெட் தேடினோம். மறுநாள் காலை விமானத்தில்தான் இடம் இருந்தது. சென்னையில் இறங்கிய பிறகும் காரில் ஆறு மணி நேரம் போக வேண்டும். அண்ணன் போனை எடுத்து, "மஃரிப் தொழுகைக்கு முன்னாடி அடக்கம் பண்ணிடுங்க, எனக்காகக் காத்திருக்க வேணாம்" என்று தம்பியிடம் சொன்னார். பிறகு எழுந்து வேலைக்குப் போய்விட்டார். இதற்காக நீங்கள் மனதைப் போட்டு வருத்திக்கொள்ள வேண்டாம்.

அடுத்த மாதம் ஐந்தாம் தேதி உங்களுக்கு நெஞ்சு ஆபரேஷன் என்று அம்மா சொல்லிவிட்டார்கள். அம்மாவைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். எனக்கு ஆறாம் தேதியிலிருந்துதான் லீவு கிடைத்தது, டிக்கெட்டும் எடுத்துவிட்டேன். என் பழைய கைலியைத் துவைத்து வைக்கச் சொல்லுங்கள். முத்தியால்பேட்டை கடையில் கொஞ்சம் முறுக்கும் வாங்கி வையுங்கள்.

வேலைக்கு நேரமாகிவிட்டது. டாக்டரிடம் சொல்லி ஆபரேஷனை எட்டாம் தேதிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பத்து மணி நேரந்தானே அத்தா, நீங்கள் எனக்காகக் காத்திருங்கள்.

அர்ஹம்